454 பிக் பிளாக் எஞ்சினைப் பிரித்துக் கட்டுவதும் அதன் குதிரைத்திறனைக் கணக்கிடுவதும்

மலேசியாவின் பகாவ் பட்டணத்தைச் சுற்றிச் செம்பனையும் ரப்பரும்தான் என்பதால், இங்குள்ள பட்டறைகளுக்குப் பெரும்பாலும் லோரி எஞ்சின்களும் டிராக்டர் எஞ்சின்களுமே வருகின்றன. அப்படியொரு பட்டறையின் பின்கட்டில், பழைய படகிலிருந்து இறக்கிய செவர்லே 454 எஞ்சின் ஒன்றை, கால் மைல் தூரம் நேராக ஓடும் டிராக் பந்தயக் காருக்காக நான் பிரித்துக் கட்டினேன். அந்த வேலையைப் புதியவர்களுக்காக வரிசைப்படி இங்கே எழுதுகிறேன். 1970 மாடல் கார்களில் முதலில் வந்த இந்த எஞ்சினின் கொள்ளளவு 454 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 7.4 லிட்டர். சிலிண்டரின் விட்டம் 4.25 அங்குலம்; பிஸ்டன் ஓடும் தூரம் 4 அங்குலம்.

பிரிப்பதற்கு முன்

பிளாக்கின் (சிலிண்டர்கள் அமைந்த எஞ்சின் உடலின்) பின்புறம், கியர்பாக்ஸ் பொருந்தும் விளிம்பில் வார்ப்பு எண் இருக்கும். உதிரிப்பாகம் வாங்குவதற்கு முன் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். படகு எஞ்சின்களில் சில எதிர்த்திசையில் சுழல்பவை என்பதால் அதையும் உறுதிசெய்வது நல்லது. கிராங்க் தண்டைப் பிளாக்கோடு பிடிக்கும் மெயின் மூடிகள் ஐந்துக்கும், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகள் எட்டுக்கும் கழற்றும்போதே எண் குத்திவிட வேண்டும். ஒரு ராடின் மூடியை இன்னொன்றில் மாட்டினால் பேரிங் உட்காரும் துளை வட்டமாக இருக்காது.

லேத் பட்டறையில்

புதிய பிஸ்டன்களைக் கையில் வைத்துக்கொண்ட பிறகே பிளாக்கைச் சிலிண்டர் கடைசலுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, தயாரிப்பாளர் தாளில் சொல்லியிருக்கும் இடைவெளிக்கு ஏற்பத்தான் சிலிண்டரைக் கடைய வேண்டும். அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறைகளில் 'தௌ' என்பார்கள். என் எஞ்சினில் 30 தௌ கடைந்ததால் விட்டம் 4.28 அங்குலமாகி, கொள்ளளவு 460 கன அங்குலத்தைத் தொட்டது.

கடைந்து வந்த அன்றே சிலிண்டர்களைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியில் அழுக்கு ஒட்டாத வரை துடைத்து, உடனே எண்ணெய் பூசிவிடுங்கள். நான் கழுவிவிட்டுக் காலையில் பூசிக்கொள்ளலாம் என்று போய்விட்டேன். இரவு மழை பெய்த ஈரக்காற்றில், விடிவதற்குள் எட்டுச் சிலிண்டரிலும் இளஞ்சிவப்பாய்த் துரு படர்ந்திருந்தது. ஹோனிங்கை (சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்த்து மெருகேற்றுவதை) மறுபடியும் செய்ய வேண்டியதாயிற்று.

அளந்து பொருத்துதல்

பேரிங் இடைவெளியைப் பார்க்க பிளாஸ்டிகேஜ் என்னும் மெழுகு இழை போதும். கிராங்கின் மேல் ஒரு துண்டு வைத்து, மூடியை முழு இறுக்கத்துக்கு முறுக்கிக் கழற்றினால், நசுங்கிய இழையின் அகலம் இடைவெளியைக் காட்டும். இழை இருக்கும்போது மட்டும் கிராங்கைச் சுற்றிவிடாதீர்கள். மெயின் பேரிங்கில் 2.5 முதல் 3 தௌ வரை இருந்தால் நான் திருப்தியடைவேன். இறுக்கும் முறுக்குவிசை, நான்கு போல்ட் மெயின் மூடிகளுக்கு 110 அடி-பவுண்டு, ஹெட் போல்ட்டுகளுக்கு 80 என்பது பழைய தொழிற்சாலைக் கணக்கு. வேறு போல்ட் வாங்கியிருந்தால் அதன் தாளில் உள்ள எண்ணைப் பின்பற்றுங்கள். எந்த எண்ணாக இருந்தாலும் மூன்று கட்டமாக இறுக்குவதே சரி. சில ஹெட் போல்ட்டுகள் தண்ணீர்ப் பாதைக்குள் இறங்குவதால் மரையில் சீலண்ட் பூச வேண்டும்.

பிஸ்டனின் மேல் ரிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு, தலைகீழாகப் பிடித்த பிஸ்டனால் ஒரே மட்டத்தில் தள்ளிவைத்து, முனைகளுக்கு இடையிலுள்ள வெளியை ஃபீலர் கேஜால் (கனம் குறித்த மெல்லிய தகடுகளால்) அளக்க வேண்டும். விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 5 தௌ என்று வைத்தேன். ஆக 21 தௌ. வெளி குறைந்துபோனால் சூட்டில் முனைகள் முட்டி, பிஸ்டனின் நெற்றியே பெயர்ந்துவிடும்.

அமுக்க விகிதத்தையும் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதையும்) ஊகிக்காமல் அளந்தேன். மருந்துக் கடையில் வாங்கிய 50 மில்லி சிரிஞ்சால் ஹெட்டின் அறைக்குள் மண்ணெண்ணெய் விட்டுப் பார்த்து, கேஸ்கெட் இடைவெளியின் கொள்ளளவைக் கூட்டி, பிஸ்டன் மேட்டின் கொள்ளளவைக் கழித்ததில் 105 சிசி மிஞ்சியது. சிலிண்டரின் 943 சிசியை அதனுடன் கூட்டி 105-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 10. இங்கே பெட்ரோல் நிலையத்தில் கிடைக்கும் ரான் 97 (ஆக்டேன் எண் 97) பெட்ரோலுக்கு, இரும்பு ஹெட்டில் இதற்கு மேல் போக எனக்குத் துணிவில்லை.

டைமிங்கும் முதல் ஓட்டமும்

வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் பற்சக்கரப் புள்ளி கீழேயும் கிராங்க் பற்சக்கரப் புள்ளி மேலேயுமாக நேருக்கு நேர் நின்றால் டைமிங் சரி. ஆனால் அந்நிலையில் தீப்பிடிக்க வேண்டியது ஆறாவது சிலிண்டர், முதலாவது அன்று. கிராங்கை இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றிய பிறகே டிஸ்ட்ரிபியூட்டரை (தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பகிர்வதை) முதல் சிலிண்டருக்கு வைக்க வேண்டும். இது தெரியாமல் மாட்டியதில் கார்புரேட்டர் வழியே தீ சீறி என் புருவத்தைக் கருக்கியது. பற்றும் வரிசை 1-8-4-3-6-5-7-2.

தட்டை டாப்பெட் (கேமின் மேல் உருளை இல்லாமல் உரசி ஓடும் வகை) கேம் என்றால், பற்றியவுடன் ஐடிலில் விடாமல் நிமிடத்துக்கு 2000 முதல் 2500 சுற்றுக்குள் ஏற்றி இறக்கி 20 நிமிடம் ஓட்டுங்கள். துத்தநாகச் சேர்மானம் உள்ள எண்ணெயையே ஊற்றுங்கள். டாப்பெட்டும் கேமும் ஒன்றுக்கொன்று பழகுவது அந்த 20 நிமிடத்தில்தான்.

குதிரைத்திறன்

1970-இல் 454-இன் எல்எஸ்6 வகைக்கு அறிவிக்கப்பட்ட 450 குதிரைத்திறன், எஞ்சினைத் தனியே மேடையில் வைத்து அளந்தது. காரில் மாட்டிய எஞ்சினை அதனோடு ஒப்பிடுவதைவிட, எடையையும் ஓட்டத்தையும் கொண்டு கணக்கிடுவதே எனக்குப் பிடித்த வழி. செம்பனைக் குலை ஏற்றிவரும் லோரிகளை நிறுக்கும் ஆலையின் திம்பாங்கில் (எடை மேடையில்), நான் உள்ளே அமர்ந்தபடியே காரை ஏற்றி நிறுத்தினேன். சீட்டில் 1540 கிலோ என்று வந்தது. அதாவது 3395 பவுண்டு.

கால் மைல் முடிவில் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகம். அதை 376.6-ஆல் வகுத்து, விடையின் கனத்தைக் கண்டு (அதையே மூன்று முறை எழுதிப் பெருக்கி), பவுண்டு எடையால் பெருக்கினால் சுமார் 436 குதிரைத்திறன். இனி நேரத்தைக் கொண்டு பார்ப்போம்: 11.9 விநாடியை 5.825-ஆல் வகுத்து, அதன் கனத்தைக் கண்டு, அதனால் எடையை வகுத்தால் 398தான் வருகிறது. இரண்டும் அனுபவச் சூத்திரங்கள் என்றாலும், இவ்வளவு வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு: இறுதி வேகம் எஞ்சினின் வலுவைச் சொல்கிறது, நேரமோ புறப்பாட்டில் டயர் சுழன்றதையும் சேர்த்துச் சொல்கிறது. ஆகவே எஞ்சினுக்கு 436-ஐ எடுத்துக்கொள்ளலாம். 33 பாகை வெயிலும் ஈரக்காற்றும் விழுங்கிய சுமார் 3 விழுக்காட்டைச் சேர்த்தால் 450-ஐ நெருங்கும். விடுபட்டுப்போன நேரத்தை மீட்க எஞ்சினை மறுபடி பிரிக்க வேண்டியதில்லை. அடுத்த சம்பளத்தில் பின்டயர்களை மாற்றினால் போதும்.