கோத்தகிரியிலிருந்து ஜெர்மனிக்குச் சட்டம் படிக்கப் போவது எப்படி

லீவுக்கு வீட்டுக்கு வந்தால் முதல் வாரம் முழுக்க ஒரே கேள்விதான். மார்க்கெட்டில் பீன்ஸ் வாங்கப் போனால்கூட, பிளஸ் டூ முடித்த பிள்ளையைக் கையோடு கூட்டி வந்து, "இந்த அக்காதான் ஜெர்மனியில வக்கீலுக்குப் படிக்குது, கேட்டுக்கோ" என்று நிறுத்திவிடுகிறார்கள். மழையில் குடைக்குள் நின்று சொல்லி முடிக்கிற விஷயமா அது? அதனால் எழுதி வைத்துவிடுகிறேன். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் தேயிலை. நான் அங்கே நான்கு செமஸ்டர் முடித்திருக்கிறேன்.

முதலில் நான் ஒன்று கேட்பேன்: படித்துவிட்டு எந்த ஊரில் வாதாடப் போகிறாய்? ஊட்டி கோர்ட்டில் என்றால் போகாதே. அங்கே சொல்லித் தருவது ஜெர்மன் சட்டம். நம் ஒப்பந்தச் சட்டமோ அரசியலமைப்போ ஒரு வரி வராது. வெளிநாட்டுச் சட்டப் பட்டத்தோடு இங்கே பதிவு செய்ய, இந்திய பார் கவுன்சில் அந்தப் படிப்பை ஏற்க வேண்டும், அப்புறம் தகுதித் தேர்வு வேறு. அதற்கு இங்கேயே ஐந்து வருட பி.ஏ., எல்.எல்.பி. முடித்துவிட்டு, ஒரு வருட எல்.எல்.எம். மேற்படிப்புக்கு அங்கே போவது எவ்வளவோ மேல். சில எல்.எல்.எம். ஆங்கிலத்திலேயே உண்டு. இதைக் கேட்டதும் பாதிப் பேர் நன்றி சொல்லிக் கிளம்பிவிடுவார்கள். இனி வருவது மீதிப் பேருக்கு.

அங்கே வக்கீலாகும் வழி பட்டம் அல்ல, 'ஷ்டாட்ஸ்எக்ஸாமன்' என்கிற அரசுத் தேர்வு. கணக்குப்படி பத்து செமஸ்டர். கடைசி மதிப்பெண்ணில் 70 சதவீதம் மாநில அரசு நடத்தும் தேர்வு, 30 சதவீதம் பல்கலைக்கழகத்தில் நீ எடுக்கும் சிறப்புப் பாடம். அது முடிந்தும் வக்கீல் ஆகிவிட முடியாது. கோர்ட், அரசு வழக்கறிஞர் அலுவலகம், நிர்வாகம், வக்கீல் அலுவலகம் என்று இரண்டு வருடப் பயிற்சி, அதன் முடிவில் இரண்டாவது அரசுத் தேர்வு. நம் பாஸ்போர்ட்டோடு வக்கீல் ஆகலாம்; நீதிபதி ஆக ஜெர்மன் குடியுரிமை வேண்டும்.

சரி, எப்படி உள்ளே போவது? பிளஸ் டூ மட்டும் வைத்துக்கொண்டு நேரே சேர முடியாது. ஒன்று, 'ஷ்டூடியன்கொல்லேக்' என்ற ஒரு வருட ஆயத்தப் படிப்பு படித்து அதன் தேர்வை எழுத வேண்டும். அல்லது இங்கே ஒரு கல்லூரியில் பொருத்தமான பாடத்தில் ஒரு வருடமாவது தேறியிருக்க வேண்டும். உன் சான்றிதழுக்கு எது பொருந்தும் என்பதை 'அனாபின்' என்ற ஜெர்மன் அரசுத் தளத்தில் நீயே பார். நான் போனது முதல் வழி. அந்த ஒரு வருடம் வீண் என்று அப்போது அழுதேன். இப்போது கேட்டால், அது இல்லாவிட்டால் முதல் செமஸ்டரிலேயே பெட்டி கட்டியிருப்பேன்.

ஏனென்றால் மொழி. அரசுத் தேர்வுக்கான படிப்பு முழுக்க ஜெர்மனில்தான். சேரும்போது மொழித் தேர்வின் ஆறு படியில் ஐந்தாவதான சி1 அளவு கேட்பார்கள். ஆயத்தப் படிப்பின் நுழைவுத் தேர்வுக்கே மூன்றாவது படியான பி1 அல்லது நான்காவதான பி2 வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்ததுமே தொடங்கினால் மூச்சு வாங்காது. நான் ஆன்லைனில் படித்தேன். மழைக்காலத்தில் கரண்டும் நெட்டும் சேர்ந்தே போகும், அதனால் பாடத்தை முன்னாலேயே டவுன்லோட் செய்து வைத்துக்கொள்வேன். தேர்வுக்கு சென்னை மாக்ஸ்முல்லர் பவன். கோவையில் ஒரு ஏஜென்சி நாற்பதாயிரம் வாங்கிக்கொண்டு, "ஜெர்மன் எல்லாம் அங்க போய்ப் பார்த்துக்கலாம்" என்று எனக்கு ஆங்கில வழி பி.பி.ஏ.வுக்கு விண்ணப்பம் போட்டார்கள். பணம் போனது போனதுதான். விண்ணப்பத்தை நாமே போடலாம். பல பல்கலைக்கழகங்களுக்கு 'யூனி-அசிஸ்ட்' என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாகத்தான். முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்து 30. குளிர்கால செமஸ்டருக்குப் பெரும்பாலும் ஜூலை 15 கடைசி.

காகிதங்களில் நம்மவர்களை மாட்டிவிடுவது இனிஷியல். என் மார்க் ஷீட்டில் ஒரே எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. ஜெர்மன்காரனுக்கு அது இரண்டு ஆள். அஃபிடவிட் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கி ஒட்டினேன். பாஸ்போர்ட் எடுக்கும்போதே இதை யோசி. 2022 நவம்பரிலிருந்து, நம் மார்க் ஷீட்டுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் இல்லாமல் மாணவர் விசா கிடையாது. அதற்குக் கட்டணம் 18,000 ரூபாய்.

பணம். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டருக்குச் சில நூறு யூரோ மட்டும். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் அப்படி இல்லை, கட்டணம் உண்டு. ஹைடல்பெர்க், ட்யூபிங்கன், ஃப்ரைபர்க் எல்லாம் அங்கேதான், நமக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. விசாவுக்கு, மாதாமாதம் அளவாக மட்டுமே எடுக்க முடிகிற 'முடக்கக் கணக்கு' என்ற வங்கிக் கணக்கில் இப்போது ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும், மாதம் 992 எடுக்கலாம். பச்சை இலை விற்கிற விலையில் அப்பாவால் முடியாது, வங்கிக் கடன்தான். வருடத்துக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம், ஆனால் பரீட்சை நெருங்கும்போது கால் நாள்கூட முடியாது.

இனி படிப்பு. உண்மையில் நான் சொல்ல வந்தது இதைத்தான், ஏனென்றால் இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

நம் ஊர் பேக்கரியில் கால் கிலோ வர்க்கி வாங்குகிறாய். நமக்கு அது ஒரே கொடுக்கல் வாங்கல். ஜெர்மன் சிவில் சட்டத்துக்கு மூன்று ஒப்பந்தம். வர்க்கியைத் தருகிறேன், பணம் தருகிறேன் என்ற கடமை ஒன்று, பிரிவு 433. வர்க்கியின் உரிமை கை மாறுவது இன்னொன்று, நோட்டின் உரிமை கை மாறுவது மூன்றாவது. இரண்டும் பிரிவு 929. முதல் ஒப்பந்தம் செல்லாது என்றாலும் வர்க்கி உன்னுடையதுதான். கடைக்காரர், காரணமில்லாமல் வந்ததைத் திருப்பித் தரச் சொல்லும் பிரிவு 812ஐப் பிடித்துத்தான் திரும்பக் கேட்க முடியும். முதல் வாரம் இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாவது மாதம் இதிலேயே பரீட்சை.

அதையும் நினைத்தபடி எழுத முடியாது. "கடைக்காரர் பணம் கேட்கலாம்" என்று எடுத்ததும் எழுதினால் முடிந்தது கதை. "கடைக்காரருக்குப் பணம் கேட்கும் உரிமை இருக்கக்கூடும். அதற்கு விற்பனை ஒப்பந்தம் உருவாகியிருக்க வேண்டும். ஒப்பந்தம் என்றால் முன்மொழிவும் ஏற்பும். கண்ணாடிப் பெட்டியில் வர்க்கியை அடுக்கி வைத்தது முன்மொழிவு ஆகாது, அது வெறும் அழைப்பு. 'கால் கிலோ கொடுங்கண்ணா' என்றது முன்மொழிவு. அவர் பொட்டலம் கட்டியது ஏற்பு. ஆகவே..." இப்படி ஒவ்வொரு படியாகக் கால் வைத்து ஏற வேண்டும். இந்த நடைக்கு 'குட்டாஹ்டன்' என்று பெயர். கடைசி விடை சரியாக இருந்தும் நடுவே இரண்டு படியைத் தாண்டியதால் எனக்கு மூன்று புள்ளி போட்டார்கள். தேற நான்கு வேண்டும். மொத்தம் பதினெட்டு என்பார்கள், பதினெட்டு வாங்கியவரை நான் பார்த்ததில்லை. ஒன்பது வாங்கினால் பார்ட்டி. பிளஸ் டூவில் 570 வாங்கிய பிள்ளை ஐந்து புள்ளி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஃபோன் செய்யும்போது என்ன சொல்லும்? நான் "பாஸ்ம்மா" என்று மட்டும் சொன்னேன்.

இதற்கு ஒரே பழக்கம்: புத்தகத்தை மனப்பாடம் செய்யாமல், வாரம் ஒரு வழக்கைக் கடிகாரம் வைத்துக் கையால் எழுதிப் பார். அரசுத் தேர்வில் ஒவ்வொரு தாளும் ஐந்து மணி நேரம். பரீட்சைக்குச் சட்டப் புத்தகத்தை உள்ளே கொண்டு போகலாம், அதனால் பிரிவுகளை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. அந்தப் புத்தகம் செங்கல் மாதிரி சிவப்பாக இருக்கும். தாள்கள் பிரித்து மாட்டுகிற வகை. 2021 வரை அதற்கு, அதைத் தொகுத்தவரின் பெயரான ஷோன்ஃபெல்டர் என்றே பெயர். அவர் நாஜிக் கட்சிக்காரர் என்பதால் பதிப்பகம் ஹாபர்ஸாக் என்று மாற்றியது. சட்டம் மாறும்போதெல்லாம் புதுத் தாள் வரும், பழையதை உருவிவிட்டுச் சொருக வேண்டும். தாள் வெங்காயத் தோல் மாதிரி. நம் ஊர் ஈரத்துக்கு ஒட்டிக்கொள்கிறது என்று அம்மா அதை ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறாள்.

செமஸ்டர் லீவை நம்பி டிக்கெட் போடாதே. வீட்டுக் கட்டுரை என்று இருபது பக்கத்துக்கு ஒரு வழக்கைக் கையில் கொடுத்துத்தான் லீவு விடுவார்கள். எனக்கு இப்போது அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அக்டோபர் முதல் வாரம் வரை ஊரில் இருப்பேன். கேட்க வருகிறவர்கள் காலையில் வாருங்கள். மார்க் ஷீட்டும் பாஸ்போர்ட்டும் கொண்டு வந்தால் முதலில் இனிஷியலைப் பார்த்துவிடலாம்.