பாம்பை எங்கே வைத்தோம், ஏணியை எங்கே வைத்தோம்: சுற்றுலாவை விளையாட்டாகச் சொல்லித் தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைக் கேலி பேசுவார்கள். மூன்றாவது 1981ல் பொய்யாகிவிட்டது. ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் வழிபாடு இல்லாமல் கிடந்த கோட்டைக் கோயிலுக்கு, சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தக் கேலியையே தலைப்பாக்கி, ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு சுற்றுலா விளையாட்டு செய்தேன். சார்ட் பேப்பரில் ஐம்பது கட்டம், ஒரு ஜோடி தாயக்கட்டை, கோட்டையிலிருந்து ஏலகிரி வரை படங்கள். இயற்கையைக் கெடுக்காமல், ஊர்க்காரர் வயிற்றில் அடிக்காமல், யாரையும் வெளியே நிறுத்தாமல் சுற்றுவது எப்படி என்று பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும் என்பது என் ஆசை.

ஒரு இடம் பார்த்தால் ஒரு புள்ளி என்று விதி வைத்திருந்தேன். பிள்ளைகள் என்ன செய்வார்கள்? கோட்டை, தங்கக் கோயில், அமிர்தி, ஏலகிரி என்று ஒரே மூச்சில் பறந்தார்கள். அகழிக் கட்டத்தில் "இங்கே நின்று 1806 ஜூலை 10 அன்று என்ன நடந்தது என்று படிக்கவும்" என்று எழுதியிருந்தேன். அது வேலூர் சிப்பாய்ப் புரட்சி நடந்த நாள். ஒருத்தரும் நிற்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு ஒரு பையன், "இன்னா மிஸ், நின்னா தோத்துடுவோம்ல" என்றான். அவன் சொன்னது சரி. ஒரே நாளில் ஆறு இடம் காட்டும் வேன் டூரை அச்சு அசலாக நானே விதியாக்கி வைத்திருந்தேன்.

நான் பார்த்தவரை மற்ற தவறுகள் எல்லாம் இதன் கிளைகள்தான். கார்டில் எழுதியிருக்கும் நல்ல வாசகத்தைப் பிள்ளை படிப்பதில்லை. எதற்குப் புள்ளி, யாருக்கு வெற்றி என்பதைத்தான் படிக்கிறது. அதனால் கார்டு எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். வெற்றி ஒன்றே குறி என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை ஆடினால் கடைசியில் எப்படிப்பட்ட சுற்றுலாப் பயணியாக வந்து நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஏலகிரிக்குப் போகும் வழியில் சிப்ஸ் பாக்கெட்டை ஜன்னல் வழியாக வீசும் ஆள்தான் ஜெயிக்கிறார் என்றால், விதியை மாற்றுங்கள். நான் மாற்றிய விதி இது: ஒரே இடத்தில் இரண்டு முறை தாயம் போடும்வரை தங்கினால்தான் புள்ளி, அடுத்த இடத்துக்குத் தாவினால் புள்ளி இல்லை.

வினாடி வினாவை விளையாட்டு என்று சொல்லிக் கொடுப்பதும் பலரும் செய்கிற தவறு. அது வேடம் போட்ட பரீட்சை. பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது பரமபத மோகம். "பிளாஸ்டிக் பை எறிந்தாய், பாம்பு கடித்தது, கீழே போ." பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பிள்ளை எதையும் எறியவில்லையே, தாயக்கட்டைதான் அங்கே கொண்டு விட்டது. பரமபதம் தலைவிதியைச் சொல்ல வந்த ஆட்டம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க ஆடுகிற ஆட்டத்தில் அது பொருந்தும். பொறுப்பைச் சொல்லித் தர அது உதவாது, ஏனென்றால் தேர்வு செய்ய அதில் இடமே கிடையாது. ஒற்றையடிப் பாதை.

நம்மிடமே இதற்குப் பொருத்தமான ஆட்டம் இருக்கிறது: ஆடுபுலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஒவ்வொரு நகர்த்தலும் ஆடுகிறவர் முடிவு. இரண்டு பக்கமும் பலம் வேறு வேறு, ஆடுகள் சேர்ந்து நின்றால்தான் புலியைக் கட்ட முடியும். மலை கிராமம் ஒன்றில் பெரிய விடுதிகள் நிலம் வாங்க வருவதை இதில் அழகாக ஆடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. புலிக்குச் 'சுற்றுலாப் பயணி' என்று பெயர் வைத்துவிடாதீர்கள். நான் வைத்தேன். வெளியூர்க்காரன் என்றாலே எதிரி என்று ஒரு வகுப்பே முடிவு கட்டிவிட்டது. அந்த வகுப்பில் ஆட்டோ ஓட்டுபவரின் மகள் ஒருத்தி இருந்தாள். "அவங்க வரலைன்னா எங்க வீட்ல அடுப்பு எரியாது மிஸ்" என்றாள். பேச்சு அப்புறம்தான் சூடு பிடித்தது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த ஆட்டத்துக்கு வருகிறேன். இதையும் முதலில் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு கிண்ணம், நாற்பது புளியங்கொட்டை. அது மலைமேல் இருக்கும் கிணறு. நான்கு குழு, நான்கு விடுதி. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குழு ஐந்து கொட்டை வரை எடுக்கலாம். சுற்று முடிந்ததும், கிண்ணத்தில் மிச்சம் இருப்பதில் பாதி அளவு மழையாகச் சேரும், ஆனால் மொத்தம் நாற்பதைத் தாண்டாது. எல்லோரும் ஐந்து ஐந்தாக எடுத்தால் முதல் சுற்று முடிவில் இருபது மிஞ்சும், மழை பெய்து முப்பதாகும். இரண்டாம் சுற்றில் பத்து மிஞ்சும், பதினைந்தாகும். மூன்றாம் சுற்றில் கிணறு வற்றிவிடும், சண்டையும் வரும். எல்லோரும் மூன்று மூன்றாக எடுத்தால் இருபத்தெட்டு மிஞ்சும், பதினாலு சேரும், கிண்ணம் மறுபடி நாற்பது. எத்தனை சுற்று வேண்டுமானாலும் ஆடலாம். ஆறு சுற்றில் மூன்று எடுத்தவருக்குப் பதினெட்டு கொட்டை. ஐந்து எடுத்தவருக்குச் சராசரியாகப் பதினாலுகூடத் தேறாது.

நான் செய்த தவறு என்னவென்றால், ஆட்டம் தொடங்குமுன்பே, "பிள்ளைகளா, பேராசை கூடாது, தண்ணீரைச் சிக்கனமாக எடுக்கணும்" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சமர்த்தாக இரண்டு இரண்டாக எடுத்தார்கள். கிணறு நிறைந்தே இருந்தது, மணி அடித்தது, யாரும் எதுவும் கற்கவில்லை. இப்போதெல்லாம் வாயை மூடிக்கொள்கிறேன். முதல் ஆட்டத்தில் குழுக்களும் பேசிக்கொள்ளக் கூடாது. கிணறு வற்றட்டும். இரண்டாவது ஆட்டத்தில் மட்டும், சுற்றுக்கு முன் ஒரு நிமிடம் பேச விடுகிறேன். யார் எவ்வளவு எடுப்பது, மீறினால் என்ன தண்டம் என்று அவர்களே பேசி வைத்துக்கொள்கிறார்கள். பொதுச் சொத்தைப் பயன்படுத்துகிற மக்கள் தாங்களே விதி வகுத்துக் காப்பாற்ற முடியும் என்று காட்டியதற்காகத்தான் எலினோர் ஆஸ்ட்ரோமுக்கு 2009ல் பொருளாதார நோபல் கிடைத்தது. அதை ஒரு பீரியடில், கொட்டையை வைத்துக் காட்டிவிடலாம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் ஏன் வந்தது என்பதை அதற்குப் பிறகு விளக்கினால் அரை நிமிடத்தில் புரிகிறது.

அடுத்தது நாம் மிகவும் கூச்சப்பட வேண்டிய தவறு. 'அனைவருக்குமான சுற்றுலா' என்று சொல்லிவிட்டு, மாற்றுத்திறனை அபராத கார்டாக வைப்பது. "உனக்குக் கால் நடக்காது, இரண்டு முறை ஆட்டம் இழந்தாய்." இதைவிட மோசமான பாடம் இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் நடக்க வைப்பதும் கிட்டத்தட்ட இதேதான். பிள்ளைக்கு மிஞ்சுவது பயமும் 'ஐயோ பாவம்' என்ற எண்ணமும் மட்டும். ஆண்டுக்கணக்கில் அப்படி வாழ்கிறவர் எவ்வளவு லாகவமாக நடமாடுகிறார் என்பது அந்தப் பத்து நிமிடத்தில் எப்படித் தெரியும்? அதிலும் இது வேலூர். மேரி வர்கீஸ் என்ற மருத்துவர் 1954ல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயல் இழந்தார். அதன் பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவர் வாழ்ந்த ஊரில் நாம் 'ஆட்டம் இழந்தாய்' கார்டு எழுதலாமா?

கார்டை ஆள் மீது எழுதாமல் இடத்தின் மீது எழுதுங்கள். சோளிங்கர் பெரிய மலைக்கு 1300க்கும் மேல் படி. ரோப் கார் வந்தபின் யார் யார் புதிதாக மேலே போக முடிகிறது? ஸ்ரீபுரம் தங்கக் கோயிலில் நட்சத்திர வடிவப் பாதை ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர். நடுவில் உட்கார எத்தனை இடம் வைக்கலாம்? இப்படிக் கேட்டால், தடை ஆளிடம் இல்லை, படிக்கட்டில் இருக்கிறது என்பது தானாகத் தெரியும். தாத்தா, கைக்குழந்தைக்காரி, கர்ப்பிணி எல்லோரும் அந்தக் கணக்கில் வந்துவிடுவார்கள். இன்னொன்று, ஆடுகிற மேஜையையும் பாருங்கள். சிவப்பு கார்டு, பச்சை கார்டு என்று வைத்திருந்தேன். ஒரு பையன் மாற்றி மாற்றி எடுத்தான், மற்றவர்கள் சிரித்தார்கள். அவனுக்கு அந்த இரண்டு நிறமும் ஒன்றாகத்தான் தெரிகிறது என்று மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. இப்போது கார்டில் நிறத்தோடு வட்டம், முக்கோணமும் உண்டு.

சுற்றுலாப் பயணி என்றதும் கேமராவும் தொப்பியுமாக ஒருவரை வரைவது இன்னொரு சறுக்கல். வேலூர் காந்தி ரோட்டில் நடந்து பாருங்கள். விடுதிப் பலகையில் வங்காள எழுத்து, மருந்துக் கடையில் வங்காளப் பேச்சு. சிஎம்சி மருத்துவமனைக்கு நோயாளியோடு வந்து வாரக்கணக்கில் தங்குகிறவர்கள்தான் சாயங்காலம் கோட்டைப் புல்வெளியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஏலகிரி பேக்கேஜ் தேவையில்லை. மலிவான அறை, சமைக்க ஒரு ஸ்டவ், மொழி தெரிந்த ஆட்டோக்காரர், ஒரு மணி நேரம் மனசு ஆற ஓர் இடம், அவ்வளவுதான். இந்த ஒரு பாத்திரத்தைச் சேர்த்த பிறகுதான் என் ஆட்டத்துக்கே உயிர் வந்தது. ஜவ்வாது மலை மக்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். அவர்களை 'நடனம் ஆடிக் காட்டுபவர்' என்று ஒரு கார்டில் அடைக்காதீர்கள். தேனுக்கு விலை சொல்கிறவராக, "இன்று படம் எடுக்காதே" என்று மறுக்கிறவராக வையுங்கள்.

பணம் எங்கே போகிறது என்பதைக் காட்ட ஆயிரம் ரூபாய் விளையாட்டு நோட்டு போதும். வெளியூர் வேன், ஆன்லைன் புக்கிங் கமிஷன், பாக்கெட் நொறுக்கு எல்லாம் போக ஊரில் எவ்வளவு தங்குகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். அதே ஆயிரத்தை ஆற்காட்டு மக்கன் பேடாவிலும், 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பு போடும் மெஸ்ஸிலும் செலவழித்துப் பார்க்கட்டும்.

கோட்டைக்கே கூட்டிப் போய்ப் புதையல் வேட்டை நடத்துகிறீர்களா? வேகத்துக்குப் பரிசு வைக்காதீர்கள். தொல்லியல் துறை பாதுகாக்கும் இடத்தில் நாற்பது பிள்ளைகள் மதில்மேல் ஓடினால் அதுவே நாம் கண்டிக்க வந்த சுற்றுலா. ஐந்து நிமிடம் ஒரே தூண் முன் நின்று வரைந்து வருபவருக்குப் பரிசு கொடுங்கள். கடைக்காரரிடம் பேட்டி எடுக்க அனுப்பினால், வியாபார நேரம் தவிர்த்து, ஏதாவது வாங்கிவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

மணி அடிக்கும்வரை ஆட விடுவதும் வேண்டாம். நாற்பத்தைந்து நிமிடப் பீரியடில் பதினைந்து நிமிடம் பேச்சுக்கு ஒதுக்குங்கள். "என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டால் பாடப்புத்தகப் பதில்தான் வரும். "யாருக்குக் கோபம் வந்தது? யார் மேல்?" என்று கேளுங்கள்.

கடைசியாக, நான் எண்பது கார்டை லேமினேட் செய்த கதை. பிளாஸ்டிக்கைக் குறைக்கச் சொல்லும் கார்டுகள் அத்தனையும் பிளாஸ்டிக் உறைக்குள். ஒரு பெண் அதைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்தாள். இப்போது பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தில் எழுதுகிறோம், அட்டை கெட்டியாக இருக்கிறது. புளியங்கொட்டையை மட்டும் வறுத்து டப்பாவில் போடுங்கள். நான் பச்சையாகப் போட்டு வைத்தேன், கோடை விடுமுறை முடிந்து திறந்தால் கிணறு முழுக்க வண்டு.