உரத்துக்கு முன்னால் சுண்ணாம்பு: வீட்டுத் தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் தாமான்களாக (குடியிருப்புப் பகுதிகளாக) மாறிய பிறகு, வீட்டுக்குப் பின்னால் பத்தடி நிலம் கிடைத்தாலே போதும், நம்மவர்கள் மண்வெட்டியைத் தூக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். ஆனால் புதிதாக ஆரம்பிப்பவர்கள், நாங்களெல்லாம் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகளைத்தான் திரும்பச் செய்கிறார்கள். தண்ணீர் ஊற்ற மறப்பது, விதையை ஆழமாகப் புதைப்பது எல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, செடியே காட்டிக்கொடுத்துவிடும். எளிதில் கண்டுபிடிக்க முடியாத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

புளித்த மண்ணில் உரம் கொட்டுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். காசும் போகும், ஆசையும் போகும்.

பக்கத்துத் தாமானில் ஓர் இளம் தம்பதி மிளகாய், வெண்டை, முளைக்கீரை, சாமந்தி (செண்டுமல்லி) எல்லாம் போட்டார்கள். கீரை விரல் உயரத்தில் நின்றுவிட்டது. மிளகாய் இலை மஞ்சளாகியது. கடையில் கேட்டதற்கு நீல உரம் போடச் சொன்னார்கள். போட்டார்கள். பலன் இல்லை. இன்னொரு மூட்டை வாங்கினார்கள். அப்புறம் இலையில் தெளிக்கும் திரவ உரம். கடைசியில் ஒரு லோரி கறுப்பு மண்ணும் வந்து இறங்கியது. அந்தப் பெண் என்னிடம் வந்து, “அங்கிள், எங்களுக்குக் கைராசி இல்லை போல” என்றாள். மண்ணை எடுத்துச் சோதித்தால் பி.எச். 4.5. பி.எச். என்பது புளிப்பைக் (அமிலத்தன்மையை) காட்டும் எண்; 7 நடுநிலை, அதற்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு அதிகம். அதற்குப் பெயர் கைராசியா? விற்றவர் யாராவது ஒருவர் மண்ணைச் சோதித்தாயா என்று கேட்டிருந்தால் இவ்வளவு வெள்ளி வீணாகியிருக்காது.

நம் பக்கம் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அது மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. மிஞ்சுவது இரும்பும் அலுமினியமும் நிறைந்த புளித்த செம்மண். முன்பு ரப்பர், செம்பனைக்கு வருஷக்கணக்காகப் போட்ட அமோனியா உரங்களும் தம் பங்குக்குப் புளிப்பை ஏற்றியிருக்கும். பி.எச். 5-க்குக் கீழே இறங்கினால் அலுமினியம் கரைந்து வேர் நுனியைத் தாக்கும். வேர் தடித்துக் குட்டையாக நின்றுவிடும். நீங்கள் போடும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) அதே அலுமினியமும் இரும்பும் பிடித்து வைத்துக்கொள்ளும், செடிக்குப் போய்ச் சேராது. நிறைய காய்கறிகளுக்கு வேண்டியது 6 முதல் 6.5 வரை. 4.5-க்கும் 5.5-க்கும் ஓர் எண்தானே வித்தியாசம் என்று விட்டுவிடாதீர்கள், புளிப்பில் அது பத்து மடங்கு.

“இதே மண்ணில்தானே ரப்பர் வளர்ந்தது, செம்பனை வளர்ந்தது, கீரை வளராதா?” என்று கேட்பார்கள். வளராது. ரப்பரும் செம்பனையும் புளிப்பைத் தாங்கும். அன்னாசி தாங்கும், மரவள்ளியும் தாங்கும். வேலியோரத்தில் மரவள்ளி கொழுகொழுவென்று நிற்பதைப் பார்த்து மண் நல்ல மண் என்று நம்புகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

அப்படியானால் தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் நம் அம்மாமார்கள் போட்ட கீரை மட்டும் எப்படித் தழைத்தது? அன்றைக்கு விறகு அடுப்பு. காலையில் அள்ளிய சாம்பல் நேராகக் கத்தரிக்கும் கீரைக்கும்தான் போகும். விறகுச் சாம்பல் புளிப்பை முறிக்கும், சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) தரும். மாட்டுச் சாணம் வேறு இருந்தது. கேஸ் அடுப்பு வந்த பிறகு அந்தச் சாம்பல் நின்றுபோனது, அதன் இடத்தில் சுண்ணாம்பை வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பெரியவர்களின் தோட்டத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்கூட இதைக் கவனிக்காமல் விட்டதுதான் எனக்கு வருத்தம்.

சரி, என்ன செய்வது? மண்ணில் குத்திப் பார்க்கும் மலிவான இரட்டைக் கம்பி மீட்டரை நம்பாதீர்கள். பி.எச். தாள் அல்லது சொட்டு மருந்துச் சோதனை வாங்குங்கள், காய்ச்சி வடித்த நீரில் மண்ணைக் கலக்கிப் பாருங்கள். மாவட்ட விவசாய இலாகாவிலும் மண் சோதனைக்கு வழி கேட்கலாம். மண் நன்றாகப் புளித்திருந்தால் ஒரு சதுர மீட்டருக்கு 200 முதல் 400 கிராம் வரை விவசாயச் சுண்ணாம்புத் தூள் போடுங்கள். மக்னீசியமும் கலந்ததாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. நான்கடி அகலம், பத்தடி நீளமுள்ள பாத்திக்கு ஏறக்குறைய 1 கிலோ வரும். மணல் கலந்த மண் என்றால் குறைத்துக்கொள்ளுங்கள். மேலே தூவிவிட்டுப் போனால் பயன் இல்லை, ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கலக்க வேண்டும். ஈரமாக வைத்து இரண்டு மூன்று வாரம் காத்திருங்கள், அதற்கு அப்புறம்தான் எருவும் உரமும். சுண்ணாம்பையும் கோழி எருவையும் ஒரே நாளில் கலந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) அமோனியாவாகக் காற்றில் போய்விடும், மூக்கே சொல்லும். சுவருக்கு அடிக்கும் நீற்றுச் சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், கையையும் வேரையும் பொசுக்கிவிடும்.

அந்தத் தம்பதி சுண்ணாம்பு போட்டு, காத்திருந்து, மறுபடியும் கீரை விதைத்தார்கள். ஒரு மாதத்தில் பறித்தார்கள். உரம் முன்பைவிடக் குறைவுதான்.

அளவை மீறவும் கூடாது. பி.எச். 7-ஐத் தாண்டினால் இரும்புச் சத்து செடிக்கு எட்டாமல் போகும். இட்லிப்பூச் செடிக்கு அருகில் சுண்ணாம்பைக் கொண்டுபோகாதீர்கள், அது புளிப்பு மண்ணை விரும்பும் செடி. இலை வெளுத்துவிடும்.

துபாய் வீடியோ பார்த்துப் பாத்தி போடுவது

நம் தமிழர்கள் துபாயிலும் அருமையாகத் தோட்டம் போடுகிறார்கள். ஆனால் அங்கே ஆண்டு முழுக்கப் பெய்வது ஏறக்குறைய 100 மில்லிமீட்டர்தான். இங்கே சில மாதங்களில் ஒரே மாதத்தில் அதைவிட அதிகம் கொட்டும். அங்கே மண்ணில் சுண்ணாம்பு ஏற்கெனவே மிகுதி, அதனால் கந்தகம் போட்டுக் குறைக்கிறார்கள். தண்ணீர் தங்கவேண்டும் என்று பாத்தியைத் தாழ்த்துகிறார்கள். அதைப் பார்த்து இங்கே கந்தகம் போட்டால் புளித்த மண் இன்னும் புளிக்கும். பாத்தியைத் தாழ்த்தினால் ஒரே இரவு மழையில் நாற்று அழுகிவிடும். நமக்கு வேண்டியது ஓர் அடி உயர்த்திய பாத்தி, சுற்றிலும் தண்ணீர் ஓடக் கால்வாய்.

ஆடிப்பட்டம் பார்த்து விதைப்பதும் இதே கதைதான். அது தமிழ்நாட்டு மழைக்கான கணக்கு. இங்கே எந்த மாதத்திலும் விதைக்கலாம், ஆனால் அக்டோபர், நவம்பர் பெருமழையை மனத்தில் வையுங்கள். தீபாவளிக்கு வீட்டுச் சாமந்தி வேண்டுமென்றால் விதைத்ததிலிருந்து பூ வர இரண்டு மாதம் ஆகும். ஆகஸ்டில் விதைத்து, மழை வலுக்கும் முன் செடியை வேரூன்ற விடுங்கள். செப்டம்பர் கடைசியில் நாற்றுவிட்டு மழையைத் திட்டுவது நியாயமில்லை.

பச்சைக் கோழி எரு

மக்காத எரு வேரைச் சுடும், தெருவுக்கே ஈயைக் கூட்டிவரும். மக்கிய பிறகு போடுங்கள்.

கத்தரி செத்த இடத்தில் மிளகாய்

கத்தரி பச்சை இலையோடு திடீரென்று வாடிச் சாய்ந்தால் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்காதீர்கள். தண்டை வெட்டி ஒரு கண்ணாடி டம்ளர் நீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். பால்போல இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். மருந்து கிடையாது. செடியைப் பிடுங்கி அகற்றுங்கள். அந்த இடத்தில் மிளகாய், தக்காளி, கத்தரி மூன்றுமே வேண்டாம், எல்லாம் ஒரே குடும்பம். வெண்டையோ பயற்றங்காயோ போடுங்கள். நல்ல செடியை வெட்டுவதற்கு முன் கத்தியையும் கழுவுங்கள்.

நிழல்

ஆறு மணி நேரம் வெயில் விழாத இடத்தில் வெண்டை வைக்காதீர்கள். அங்கே வல்லாரை வையுங்கள்.

மருந்து டின்

பூச்சிமருந்தும் புல் மருந்தும் வந்த டின்னில் செடிக்குத் தண்ணீர் மொள்ளவே கூடாது, எத்தனை முறை கழுவியிருந்தாலும் சரி.

மூடாத பீப்பாய்

மழைத் தண்ணீர் பிடிப்பது நல்ல பழக்கம். ஆனால் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். பீப்பாய்க்கு மூடியோ நெருக்கமான வலையோ போட்டுவிட்டு, பூந்தொட்டித் தட்டுகளில் தேங்கும் நீரையும் வாரா வாரம் கொட்டிவிடுங்கள்.