பாட்டி தைத்த பொம்மையைப் பாதுகாப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் அலமாரியில் ஒரு துணிப்பொம்மை இருக்கிறது. ரெண்டாம் உலகப்போரில் ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில் தாத்தாவைச் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடக் கொண்டுபோனபோது, அழுத அம்மாவுக்காகப் பாட்டி பழைய சேலையில் தைத்து இலவம்பஞ்சு அடைத்தது. உங்களிடமும் அப்படி ஒன்று இருந்தால் துவைக்காதீர்கள், சாயம் போகும், பஞ்சு பூஞ்சை பிடிக்கும். மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டினால் போதும். பூச்சி அரித்திருந்தால் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் 2 வாரம் வையுங்கள் (கண்ணாடிக் கண் உள்ள பொம்மைக்கு வேண்டாம்). அப்புறம் வெளியே எடுத்து ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்கக் கூடாது, பிரித்தால் நம்ம ஊர் ஈரம் துணியில் படிந்துவிடும். அந்துருண்டையும் வேண்டாம்.

பழைய ஒட்டுத் தையலைப் பிரித்துப் புதுசாக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நெதர்லாந்தில் நாஜிகளிடமிருந்து ஒளிந்து வளர்ந்த ஒரு யூதச் சிறுவனின் கரடிபொம்மைத் தலையை நாய் பிய்த்துவிட, அவன் அம்மா கோட்டின் உள்துணியில் வேறு தலை தைத்தார். அந்தத் தலையோடுதான் அது பின்னாளில் ஜெருசலேமில் யூதப் படுகொலையை நினைவுகூரும் யாட் வாஷெம் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு இருந்தது.

எங்கள் பொம்மையின் இடது கையில் கறுப்பு நூல் தையல். அம்மா சொன்ன கதையைப் பென்சிலால் எழுதி, பொம்மையோடு வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.