உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால் சோடியம் ஏன் வருவதில்லை? மின்னாற்பகுப்பு எளிய செய்முறை

மின்னாற்பகுப்பை, அதாவது மின்சாரம் செலுத்தி வேதிமாற்றம் நிகழ்த்துவதை, படம் பார்த்து மனப்பாடம் செய்வதைவிட ஒரு கண்ணாடி டம்ளரில் செய்து பார்ப்பது எவ்வளவோ மேல். கடலூர், புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்குக் கரைசல் கடற்கரையிலேயே கிடைக்கும். ஆனால் முதலில் வீட்டு உப்பு.

தேவையானவை: 9 வோல்ட் பேட்டரி, இரண்டு பென்சில், இரண்டு ஒயர், கண்ணாடி டம்ளர், உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள் தூள். பென்சிலுக்குப் பதில் இரும்பு ஆணி வேண்டாம். நேர்மின்வாயாக, அதாவது பேட்டரியின் + முனையோடு இணைந்து இருக்கும் ஆணி தானே கரைந்து தண்ணீரைத் துரு நிறமாக்கிவிடும். பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும், எளிதில் வினைபுரியாது. வீட்டு பிளக் பாயிண்டில் ஒயரைச் சொருகவே கூடாது.

படி 1: அரை டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பையும் மஞ்சள் தூளையும் கலக்குங்கள்.

படி 2: பென்சில்களின் இரு முனைகளையும் சீவுங்கள். மேல் முனைகளில் ஒயரைச் சுற்றி, கீழ் முனைகளைக் கரைசலில் நிறுத்துங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது.

படி 3: ஜன்னலைத் திறந்துவிட்டு, ஒயர்களை பேட்டரியில் இணையுங்கள். டம்ளரை மூட வேண்டாம். இரண்டு மூன்று நிமிடம் போதும்.

இப்போது டம்ளரை ஆட்டாமல் பாருங்கள். எதிர்மின்வாயில், அதாவது பேட்டரியின் − முனையோடு இணைந்த பென்சிலில், பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பும். அது ஹைட்ரஜன். அந்தப் பென்சிலைச் சுற்றி மஞ்சள் நிறம் செம்பழுப்பாக மாறும்; அங்கே காரம் (அமிலத்துக்கு எதிரான தன்மை உள்ள பொருள்) உருவாகிறது என்று பொருள். நேர்மின்வாயில் பிளீச்சிங் பவுடர் வாசனை வரும், மஞ்சள் வெளுக்கத் தொடங்கும். அது குளோரின், மூக்கை அருகில் கொண்டுபோகாதீர்கள்.

பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. மின்சாரம் வந்துதான் உப்பை அயனிகளாக (மின்னூட்டம் பெற்ற துகள்களாக) பிரிக்கிறது என்று நினைக்கிறார்கள். இல்லை. தண்ணீரில் கரைந்தபோதே சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் தனித்தனியாகிவிட்டன. பேட்டரி செய்வது அவற்றை நகர்த்துவதும், மின்வாயில் எலக்ட்ரானைக் கொடுப்பதும் வாங்குவதும்தான். ஒயருக்குள் ஓடுவது எலக்ட்ரான், கரைசலுக்குள் நகர்வது அயனி.

சரி, எதிர்மின்வாயை நோக்கிப் போன சோடியம் எங்கே? அங்கே தண்ணீரும் இருக்கிறதே! சோடியம் அயனியைவிடத் தண்ணீர் எளிதாக எலக்ட்ரானை ஏற்கும். அதனால் தண்ணீர்தான் ஹைட்ரஜனாகவும் ஹைட்ராக்சைடு அயனியாகவும் மாறுகிறது. சோடியம் அயனி கரைசலிலேயே தங்கிவிடுகிறது. உலோகமாக வேண்டுமென்றால் தண்ணீரே இருக்கக் கூடாது. 1807-ல் ஹம்ப்ரி டேவி உருக்கிய காஸ்டிக் சோடாவில் (சோடியம் ஹைட்ராக்சைடு) மின்சாரம் செலுத்தித்தான் சோடியத்தைப் பிரித்தெடுத்தார். தேர்வில் ‘உருகிய’ என்றிருக்கிறதா, ‘நீர்க்கரைசல்’ என்றிருக்கிறதா என்று பார்த்த பிறகே விடை எழுதுங்கள்.

புதுச்சேரி காலாப்பட்டில் உள்ளது போன்ற காஸ்டிக் சோடா ஆலைகளில் நடப்பதும் இதே வினைதான். குளோரினும் காரமும் கலந்துவிடாமல் இருக்க நடுவே ஒரு சவ்வு வைத்திருப்பார்கள். நம் டம்ளரில் அது இல்லை, அதனால் இரண்டும் கலந்து கொஞ்சம் பிளீச் உருவாகும்.

அப்புறம், கடலூர் தேவனாம்பட்டினம் கடல்நீரை ஒரு பாட்டிலில் பிடித்து வந்து, மணல் அடங்கியதும் மஞ்சள் போடாமல் இதையே செய்யுங்கள். எதிர்மின்வாயைச் சுற்றி வெண்மையாகக் கலங்கும். கடல்நீரில் உள்ள மெக்னீசியம், அங்கே உருவான ஹைட்ராக்சைடுடன் சேர்ந்து, கரையாத வீழ்படிவாவதுதான் அது. முடிந்ததும் கரைசலை நிறையத் தண்ணீர் விட்டு சாக்கடையில் ஊற்றிவிட்டுக் கையைக் கழுவுங்கள். அந்த டம்ளரைக் குடிக்கப் பயன்படுத்த வேண்டாம்.