பழைய ஓவியங்களில் பூனையும் புலியும்: பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாமல்லபுரத்தில் அர்ஜுனன் தபசு என்கிற அந்தப் பெரிய பாறைச் சிற்பத்தின் முன்னால் பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். வருகிறவர்கள் முதலில் யானையைப் பார்ப்பார்கள், யானையோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். யாராவது ஒருவர், "அதோ பாருங்க, பூனை தவம் பண்ணுது" என்று கை காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு கூட்டம் பக்கத்தில் இருக்கிற கிருஷ்ண மண்டபத்துக்கு நகர்ந்துவிடும்.

சிரிப்பதில் தப்பில்லை, சிரிக்கட்டும் என்றுதான் சிற்பி செதுக்கியிருக்கிறான். ஆனால் அந்தப் பூனையை மட்டும் தனியாகப் பிய்த்து எடுத்துப் பார்ப்பதுதான் பழைய கலையில் பூனையைப் பார்க்கும் பலரும் செய்கிற முதல் தவறு. போனில் படம் எடுக்கும்போதும் அதையே செய்கிறோம்: பூனை மட்டும் சட்டத்துக்குள், மற்றதெல்லாம் வெளியே.

கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று பாறை முழுவதையும் பாருங்கள். நடுவில் ஒரு பிளவு. அதில் நாகர்கள் மேலேறி வருகிறார்கள், அந்தப் பிளவுதான் கங்கை. பிளவுக்கு இடப்பக்கம், மேலே, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஒற்றைக் காலில் நிற்கிறார் ஒரு தவசி. வலப்பக்கம், கீழே, பெரிய யானையின் தந்தத்துக்குப் பக்கத்தில், பின்னங்கால்களில் எழுந்து நின்று அதே மாதிரி கைகளைத் தூக்கியிருக்கிறது பூனை. சுற்றிலும் எலிகள். மேலே இருப்பவர் அர்ஜுனனா பகீரதனா என்று அறிஞர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். அது எப்படிப் போனாலும், பூனையின் நிலை அந்தத் தவசியின் நிலையைப் பார்த்துச் செய்தது என்பதைக் கண்ணே சொல்லிவிடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது ருத்திராட்சப் பூனை. தனியாகப் பார்த்தால் வெறும் வேடிக்கைப் பூனை.

கதை மகாபாரதத்தில், உத்தியோக பருவத்தில் வருகிறது. கங்கைக் கரையில் கைகளைத் தூக்கித் தவம் செய்வதாகப் பாசாங்கு செய்கிறது ஒரு பூனை. எலிகள் நம்பி வந்து, "நீர்தான் எங்களுக்கு மாமா, காப்பாற்றும்" என்று சரண் அடைகின்றன. தவத்தால் களைத்துவிட்டேன், தினமும் என்னை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் விடுங்கள் என்கிறது பூனை. மாமா நாளுக்கு நாள் கொழுக்கிறார், எலிகள் நாளுக்கு நாள் குறைகின்றன. கடைசியில் ஒரு எலிதான் கண்டுபிடிக்கிறது: காயும் கிழங்கும் தின்கிறவரின் மலத்தில் மயிர் எப்படி வரும்? இந்தக் கதையைத் துரியோதனன் உலூகன் வாயிலாகத் தருமனுக்குச் சொல்லி அனுப்புகிறான், நீயும் அப்படிப்பட்ட பூனைதான் என்று குத்திக்காட்ட. இவ்வளவும் தெரிந்தபின் அந்தப் பூனை கங்கைக்கு அருகிலேயே நிற்பது தற்செயலாகத் தோன்றாது. காலையில் போங்கள், சிற்பம் கிழக்கு பார்த்தது, அப்போதுதான் எலிகள் தெளிவாகத் தெரியும்.

இந்தப் போலிச் சாமியார் பூனை, 19ஆம் நூற்றாண்டில் கல்கத்தாவின் காளிகாட் கோயிலைச் சுற்றி விற்ற படங்களிலும் வருகிறது. வாயில் மீனோ இறாலோ, நெற்றியில் வைணவத் திலகம். அந்தப் படங்களைப் "பூனைப் படம்" என்று அன்பாகப் பகிர்கிறவர்களில் பலர் நெற்றியைப் பார்ப்பதே இல்லை. படத்தின் பொருள் முழுவதும் அந்த நெற்றியில்தான் இருக்கிறது.

எகிப்தியப் படங்களுக்கும் இதே கதிதான். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் நெபாமுன் என்பவரின் கல்லறை ஓவியம் இருக்கிறது, கி.மு. 1350ஐ ஒட்டியது. நாணல் படகில் நின்று பறவை வேட்டையாடுகிறார் நெபாமுன். மனைவியும் மகளும் உடன் இருக்கிறார்கள். அவருக்கு முன்னால் ஒரு பழுப்பு வரிப்பூனை வாயால் ஒன்று, நகங்களால் இரண்டு என்று மூன்று பறவைகளைப் பிடித்திருக்கிறது. இணையத்தில் உலவுவது பூனை மட்டும் வெட்டப்பட்ட துண்டு. கீழே, "எகிப்தியர் பூனையை வேட்டைக்குப் பழக்கினர்" என்று ஒரு வரி. அந்தப் பூனையின் கண்ணை உற்றுப் பாருங்கள். தங்க ரேக் ஒட்டியிருக்கிறது. வீட்டுப் பூனைக்கு யார் தங்கக் கண் வைப்பார்கள்? சூரியக் கடவுள் பூனை வடிவில் வந்து பகையை அழிப்பார் என்று நம்பிய மக்கள் அவர்கள். கல்லறைச் சுவரில் வரைந்ததை நாட்குறிப்பு மாதிரி படிக்கக் கூடாது.

பெயர் வைப்பதில் வரும் குழப்பம்

ஒரு சிறுவர் இதழுக்கு முகலாய வேட்டை ஓவியம் ஒன்றுக்குப் படக்குறிப்பு எழுதியபோது, "அக்பரின் சிறுத்தை" என்று எழுதிக் கொடுத்தேன். அச்சாகியும் வந்துவிட்டது. அது சிறுத்தை இல்லை, சிவிங்கி, ஆங்கிலத்தில் சீட்டா. இன்றைக்கும் அந்தப் பக்கம் கண்ணில் பட்டால் மனம் சுருங்குகிறது, ஏனென்றால் அதைப் படித்த பிள்ளைகளுக்கு நான் ஒரு தப்பான விலங்கைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

தமிழில் இந்தக் குழப்பம் சுலபமாக வரும். 2022இல் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்குச் சிவிங்கிகள் வந்தபோது பத்திரிகைகளிலேயே சிலர் சிறுத்தை என்றும் சிலர் சிவிங்கிப்புலி என்றும் எழுதினார்கள். ஓவியத்தில் பிரித்தறிய மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். சிவிங்கிக்குப் புள்ளிகள் தனித்தனியாக, உள்ளே நிரம்பிய கறுப்பாக இருக்கும்; சிறுத்தைக்குப் பூ மாதிரி வளையமாக, நடுவில் மஞ்சள் தெரியும். சிவிங்கியின் கண்ணின் உள்மூலையிலிருந்து வாயோரம் வரை கண்ணீர் வழிந்த தடம் போல ஒரு கறுப்புக் கோடு இறங்கும். கால் நீளம், தலை சின்னது. வளையத்துக்குள்ளும் குட்டிப் புள்ளி இருந்தால் அது ஜாகுவார். அமெரிக்கக் கண்டத்தின் மாயா, ஆஸ்டெக் கலையில் வருவது அதுதான். அங்கே "சிறுத்தைக் கடவுள்" என்று எழுதினால் கண்டமே மாறிப் போகிறது.

ஓவியன் புள்ளியைச் சுருக்கி வரைந்திருந்தால்? சுற்றியுள்ள பொருள்களைப் பாருங்கள். கண்ணை மறைக்கும் தொப்பி, கழுத்துப் பட்டை, ஏற்றிப்போகிற மாட்டுவண்டி இருந்தால் அநேகமாக அது வேட்டைக்குப் பழக்கிய சிவிங்கிதான்.

இங்கே நம் ஊரோடு தொடர்புள்ள ஒரு படத்தைச் சொல்லியாக வேண்டும். சென்னையில் கவர்னராக இருந்த ஜார்ஜ் பிகட் ஊர் திரும்பியபோது மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு ஒரு சிவிங்கியைக் காணிக்கையாகக் கொண்டுபோனார். 1764இல் வின்ஸரில் அதை ஒரு ஆண் மான் மீது ஏவிப் பார்த்தார்கள். மான் கொம்பால் துரத்தியடித்துவிட்டது. அந்தச் சிவிங்கியை ஆங்கிலேய ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் வரைந்தார். ஓவியம் இப்போது மான்செஸ்டர் ஆர்ட் கேலரியில் இருக்கிறது. வெள்ளை உடையில், தலைப்பாகையோடு இரண்டு இந்தியப் பணியாளர்கள். ஒருவர் மானைச் சுட்டிக் காட்டுகிறார். இன்னொருவர் சிவிங்கியின் இடுப்பில் கட்டிய சிவப்புப் பட்டையைப் பிடித்திருக்கிறார். சிவப்புத் தொப்பி கண்ணிலிருந்து நெற்றிக்கு மேலே தள்ளப்பட்டிருக்கிறது. பாய்வதற்கு முந்தின நொடி. மான் ஜெயித்தது படத்தில் இல்லை.

1765இல் இந்தப் படம் காட்சிக்கு வைக்கப்பட்டபோது தலைப்பில் இருந்த சொல் "வேட்டைப்புலி". அக்கால ஆங்கிலத்தில் உடம்பில் புள்ளி இருந்தாலும் கோடு இருந்தாலும் புலி என்றுதான் சொல்வார்கள். பின்னால் சிவிங்கியை வேட்டைச் சிறுத்தை என்றும் அழைத்தார்கள். பழைய தலைப்பை அப்படியே மொழிபெயர்த்தால் விலங்கு மாறிவிடும். நம் சொற்களிலும் இதே கவனம் வேண்டும்: பழைய நூலில் வேங்கை என்று வந்தால் அது விலங்கா, மரமா என்பதே இடம் பார்த்துத்தான் தெரியும். கூடவே ஒன்று. சென்னை கவர்னர் கொண்டுபோனார் என்பதால் அது தமிழ்நாட்டுக் காட்டில் பிடித்தது என்று ஆகிவிடாது.

"இவனுக்கு வரையவே தெரியல" என்று சொல்வது

ஜப்பானியப் புலி ஓவியங்களைப் பார்த்து, "பூனை மாதிரி இருக்கே" என்று சிரிக்கிறவர்கள் உண்டு. பூனை மாதிரி இருப்பது உண்மைதான். ஜப்பானில் காட்டுப் புலி கிடையாது. அங்குள்ள ஓவியர்கள் கொரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த தோல்களையும் சீன ஓவியங்களையும் வைத்துக்கொண்டு வரைந்தார்கள். 1733 முதல் 1795 வரை வாழ்ந்த மாருயாமா ஓக்கியோவின் புலிகளைக் கிட்டத்தில் பாருங்கள். ரோமம் ஒவ்வொன்றும் தனித்தனியாக, தொட்டால் விரலில் படும் போல இருக்கும். கண்ணுக்கு வந்தால் கண்பாப்பா செங்குத்துக் கீற்றாக இருக்கும். நிஜப் புலிக்குக் கண்பாப்பா வட்டம். வெளிச்சத்தில் கீற்றாவது வீட்டுப் பூனைக்குத்தான். காரணத்தை யோசித்தால் நெஞ்சு நெகிழ்கிறது. தோலில் ரோமம் இருக்கும், வரி இருக்கும், கண் இருக்காது. இல்லாத கண்ணை வீட்டில் உலவுகிற பூனையிடமிருந்து எடுத்துக்கொண்டார். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டதாக நாம் சொல்வோம். இங்கே புலிதான் பூனையிடம் கடன் வாங்கியிருக்கிறது.

கியோட்டோவின் நிஜோ கோட்டையில் கானோ மரபு ஓவியர்கள் 1626இல் வரைந்த அறைகளில் புலிகளுக்கு நடுவே சிறுத்தைகள் இருக்கும். "பல விலங்குகள் ஒன்றாய் வாழும் காடு" என்று விளக்கம் எழுதிவிடாதீர்கள். பெண் புலிக்குப் புள்ளி இருக்கும் என்று அன்றைக்கு நம்பினார்கள். அங்கே நீங்கள் பார்ப்பது ஒரு குடும்பம்.

ஐரோப்பாவில் இன்னும் சுவையான ஒன்று. 13ஆம் நூற்றாண்டில் வில்லார் த ஒனெகூர் என்ற பிரெஞ்சுக்காரர் தன் வரைவேட்டில் நேராக நம்மைப் பார்க்கும் ஒரு சிங்கத்தை வரைந்து, இது உயிருள்ள சிங்கத்தைப் பார்த்து வரைந்தது, தெரிந்துகொள்ளுங்கள் என்று பக்கத்தில் எழுதியும் வைத்திருக்கிறார். முகமோ மனித முகம் போல. பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டுவது அவசரம். உயிரைப் பார்த்து வரைவது என்றால் அவர் காலத்தில் என்ன பொருள் என்று கேட்பதுதான் முறை. கண் முன்னால் சிங்கம் நின்றாலும் கை பழகிய வடிவத்தைத்தான் போடும். ஜெர்மன் ஓவியர் ட்யூரர் போன்ற மேதையே இளமையில் வரைந்த சிங்கங்களுக்கும், 1521இல் இன்றைய பெல்ஜியத்திலுள்ள கென்ட் நகரில் நேரில் பார்த்து வெள்ளி முனையால் வரைந்த சிங்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒப்பிட்டுப் பாருங்கள், புரியும்.

இணையத்தில் உலவும் இடைக்கால ஐரோப்பிய ஏடுகளின் "அசிங்கமான பூனை"களோடு கூடவே வரும் ஒரு கதையையும் நிறுத்திக்கொள்ளலாம்: போப் ஒன்பதாம் கிரெகரி பூனைகளைக் கொல்ல உத்தரவிட்டார், அதனால்தான் எலி பெருகிப் பிளேக் வந்தது என்பது. 1233இல் அவர் எழுதிய கடிதம் ஜெர்மன் நாட்டு மதவிரோதிகளைப் பற்றியது. அவர்கள் சடங்கில் ஒரு கறுப்புப் பூனை வருவதாகச் சொல்கிறது. கொல்லும் உத்தரவு அதில் இல்லை. பிளேக் வந்தது நூறு வருஷத்துக்கு மேல் கழித்து.

லூயி வெய்ன்: படங்களை நாமே வரிசையாக்குவது

எனக்கு மிகவும் வருத்தம் தருகிற தவறு இதுதான். எட்டுப் பூனைப் படங்கள் வரிசையாக. முதலில் சாதாரணப் பூனை, போகப்போகக் கண் விரிந்து, நிறம் தெறித்து, கடைசியில் பூனையே இல்லாமல் கோலம் போல ஒரு வடிவம். "மனநோய் முற்ற முற்ற ஓவியரின் மனம் சிதைந்ததைப் பாருங்கள்" என்று கீழே எழுதியிருக்கும். உளவியல் பாடப் புத்தகங்களிலும் வந்தது, வாட்ஸ்அப்பிலும் வருகிறது.

வரைந்தவர் லூயி வெய்ன், 1860இல் பிறந்த ஆங்கிலேயர். கோட்டு போட்டு, தேநீர் குடித்து, விருந்து வைக்கிற பூனைகளால் நாடெங்கும் பெயர் பெற்றவர். 1924இல் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார், 1939இல் இறக்கும்வரை வெளியே வரவில்லை. இதுவரை உண்மை. ஆனால் அந்த எட்டுப் படங்களிலும் தேதி கிடையாது. வால்டர் மக்லே என்ற மனநல மருத்துவர் 1939இல் லண்டனில் ஒரு கடையில் கண்டெடுத்து, இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தானே அடுக்கினார். அடுக்கியதை வைத்தே நோய் முற்றியதாக நிரூபிக்கவும் பட்டது. கோலம் போன்ற படம் முதலில் வரைந்ததாகவும் இருக்கலாம். வெய்ன் துணி வியாபாரியின் மகன். தாயார் தரைவிரிப்புகளுக்கு வடிவம் வரைந்தவர். ஒரு பூனையின் உடம்பு பூவேலையாக விரிவதற்கு நோய்தான் காரணம் என்று ஏன் நினைக்க வேண்டும்?

மருத்துவமனைக் காலத்தில் அவர் பழைய மாதிரிப் பூனைகளையும் விடாமல் வரைந்துகொண்டிருந்தார். பெத்லம் மனநல மருத்துவமனையில் இருந்தபோது ஒரு கிறிஸ்துமஸுக்கு வார்டுகளை அலங்கரிக்க, அங்கிருந்த கண்ணாடிகள் மேல் பண்டிகை கொண்டாடும் பூனைகளை வரைந்து கொடுத்தார். அந்தக் கண்ணாடிகள் இன்றும் இருக்கின்றன. எட்டுப் படங்கள் கொண்ட அந்த வரிசை யாரிடமிருந்தாவது வந்தால், பதிலுக்கு நான் அனுப்புவது ஒரு கண்ணாடிப் படம்தான்.