குப்பைமேட்டில் கூடும் நாய்களும் பன்றிகளும்: நாம் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊருக்கு வெளியே இருக்கும் ஓடைப் பாலத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மொபட் ஒன்று வரும். பின்னால் கட்டியிருக்கும் வெள்ளைச் சாக்கின் அடி ஈரமாக இருக்கும், வழியெல்லாம் சொட்டிக்கொண்டே வரும். ஓட்டுகிறவர் இறங்கக்கூட மாட்டார், காலால் ஒரு தள்ளு. சாக்கு உருண்டு வாய் பிரிந்து இறகும் குடலும் தலையும் ஓடைக்குள் கொட்டும். வண்டி பாலத்துக்கு வருவதற்கு முன்பே புதருக்குள்ளிருந்து பத்துப் பன்னிரண்டு நாய்கள் எழுந்து நிற்கும். அந்த மொபட்டின் சத்தம் அவற்றுக்கு அத்துப்படி.

அதே நாய்கள் பின்னொரு நாள் ராத்திரி ஆட்டுப்பட்டிக்குள் புகுந்துவிட்டன என்று ஊரே கொதிக்கும். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கத்து விவசாயிகள் செத்த ஆடுகளைக் கொண்டுவந்து சாலையில் போட்டு மறியல் செய்யும் அளவுக்கு நிலைமை போனது. அவர்களுடைய கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தில் எடுக்கும் முடிவுகளில் பாதி, நாயைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடுகின்றன.

முதல் தவறு, சோற்றை அப்படியே விட்டுவிட்டு நாயை விரட்டுவது. உயிர்க்கோழியின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கழிவாகத்தான் போகும். ஒரு கடையில் ஞாயிறு அன்று நூறு கிலோ கோழி அறுத்தால் முப்பது கிலோவுக்குக் குறையாமல் கழிவு. ஊரைச் சுற்றி நாலு கடை இருந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். பெட்டை நாய் வருஷத்துக்கு இரண்டு தடவை பருவத்துக்கு வரும், சினைக்காலம் 63 நாள்தான். ஒரு ஈற்றுக்கு நாலைந்து குட்டி சாதாரணம். வயிறு காய்ந்த இடத்தில் அந்தக் குட்டிகளில் பல செத்துப்போகும். கறிக்கழிவு கொட்டும் இடத்தில் பிழைத்துக்கொள்ளும். ஆக, அந்தக் கூட்டத்தின் அளவை அந்தச் சாக்குமூட்டைதான் தீர்மானிக்கிறது. கொட்டுவது திடீரென்று நின்றுபோகும் வாரத்தில் அந்தக் கூட்டம் பட்டிப் பக்கம் திரும்பும் என்பதையும் கவனத்தில் வையுங்கள். கழிவை நிறுத்துவதும் கருத்தடையும் பட்டிக்குக் கம்பிவலை அடிப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

அப்புறம், பயிருக்குப் போடும் பூச்சிக்கொல்லியான குருணை மருந்து. கறித்துண்டில் தடவி ஓடையோரம் வைத்துவிட்டு வருகிறார்கள். அதை நாய் மட்டும் தின்பதில்லை. காக்கை, பருந்து, கீரி, நரி, பக்கத்துத் தோட்டத்தில் காவலுக்குக் கட்டியிருந்து அன்றைக்கு அவிழ்த்துவிட்ட நாய், எல்லாம் தின்னும். ஓடைத் தண்ணீரில் கரைந்தால் மாடும் குடிக்கும். கையுறை இல்லாமல் அதைத் தொடுகிற தூய்மைக் காவலரை யாரும் நினைத்துப் பார்ப்பதே இல்லை. சட்டப்படியும் இது குற்றம்: பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஒரு மிருகத்தைக் கொல்வதற்கோ விஷம் வைப்பதற்கோ 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. இத்தனையும் தாண்டி, பலனாவது கிடைக்கிறதா? கொஞ்ச நாளில் அடுத்த ஊர் நாய்கள் வந்து அதே புதரில் படுத்துக்கொள்ளும். இடம் காலி, சாப்பாடு தயார், வராமல் என்ன செய்யும்?

பிடித்துக்கொண்டுபோய் பத்துக் கிலோமீட்டர் தள்ளி இறக்கிவிடுவதும் இதே கதைதான். நம் ஊர்த் தொல்லையை இன்னொரு ஊர்ப் பட்டிக்கு அனுப்புகிறோம், அவர்கள் ஊர் நாய் நம் ஊருக்கு வருகிறது.

குப்பையைக் கொளுத்துவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஈரக் கறிக்கழிவு எரியாது, வேகும். பிளாஸ்டிக் கருகி நச்சுப்புகை ஊருக்குள் வரும், பாதி வெந்த கறியின் வாடையோ இன்னும் தூரத்து நாயையும் காட்டுப்பன்றியையும் கூப்பிடும்.

கருத்தடை விஷயத்தில் மக்களிடம் பெரிய குழப்பம் இருக்கிறது. "பிடிச்சிட்டுப் போனாங்க, நாலு நாள் கழிச்சு அதே இடத்துல விட்டுட்டுப் போயிட்டாங்க" என்று அதிகாரிகளைத் திட்டுகிறார்கள். 2023இல் வந்த விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் அப்படித்தான் செய்யச் சொல்கின்றன. கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். காதில் வெட்டுக்குறி இருந்தால் அது கருத்தடை முடிந்த நாய் என்று அர்த்தம். அந்த நாய் தன் எல்லையைக் காத்துக்கொண்டு புது நாயை உள்ளே விடாது, குட்டியும் போடாது. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. வெறிநோய் கண்ட நாயையும் மூர்க்கமான நாயையும் மட்டும் திரும்ப விடக்கூடாது என்றது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் பிடித்த நாய்களை அங்கேயே விடக்கூடாது என்று நவம்பரில் தனியாக இன்னோர் உத்தரவும் வந்தது. உண்மையான தவறு வேறு இடத்தில் இருக்கிறது: முப்பது நாயில் ஆறு நாயைப் பிடித்துவிட்டு வேலை முடிந்தது என்று போட்டோ எடுத்துக்கொண்டு போவது. மீதி நாய்கள் அந்த ஆறின் கணக்கையும் ஒரே வருஷத்தில் சேர்த்துப் போட்டுவிடும். வெறிநோய்ப் பரவலை உடைக்கவே ஒரு வட்டாரத்தில் 70 சதவீத நாய்களுக்குத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கடிபட்ட பிறகு நடக்கும் தவறுகளைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன், ஏனென்றால் அதில் உயிர் போகிறது. சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், காபித்தூள் எதையும் காயத்தில் அப்பாதீர்கள். இறுக்கிக் கட்டாதீர்கள். குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுசாகப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளம், கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள். பிறகு நேரே ஆரம்ப சுகாதார நிலையம். தோலுக்குள் போடும் ஊசியென்றால் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாள் என்று நான்கு முறை. வலி போய்விட்டது, ஆடு மேய்க்க ஆள் இல்லை என்று மூன்றாவதோடு நிறுத்திவிடாதீர்கள். ரத்தம் வரும் கடியென்றால் கடிவாயிலேயே போடும் இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே தடுக்கும் ஆயத்த எதிர்ப்பு மருந்து) பற்றியும் கேளுங்கள். "பத்து நாள் நாயைப் பார்ப்போம், அது சாகாவிட்டால் ஊசி வேண்டாம்" என்று சிலர் சொல்வார்கள். குப்பைமேட்டு நாயை யார் பத்து நாள் கட்டிவைத்துப் பார்ப்பது? வெறிநோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை.

மாட்டை நாய் கடித்தால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சில வாரம் கழித்து மாடு தீனி எடுக்காது, எச்சில் கயிறாக ஒழுகும், குரல் மாறிக் கத்தும். தொண்டையில் மாங்கொட்டை சிக்கியிருக்கும் என்று வீட்டுக்காரர் முழங்கை வரைக்கும் வாய்க்குள் கையை விடுவார். அது வெறிநோயாக இருந்தால் அந்தக் கையில் இருக்கும் ஒரு சின்னக் கீறல் போதும். எச்சில் ஒழுகும் மாட்டின் வாயில் கை வைக்காதீர்கள், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். மாட்டுக்கும் கடித்த அன்றே ஊசி தொடங்க முடியும். குப்பைமேட்டில் மாட்டை மேயவிடுவதே ஆபத்து என்பது வேறு விஷயம்: 2019இல் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ஒரே ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள்.

காட்டை ஒட்டிய ஊர்களில் விஷயம் இன்னும் கனமானது. 2025 மே மாதம் கோவை மருதமலை அடிவாரத்தில் ஒரு பெண் யானை இறந்தது. உடற்கூறாய்வில் வயிற்றில் பிளாஸ்டிக்கும், கருவில் குட்டியும் இருந்தன. பக்கத்து ஊராட்சியின் குப்பைக் கிடங்கில் யானைகள் மேய்வது அந்தப் பகுதியில் பழகிப்போன காட்சி. இலங்கையில் அம்பாறைக்கு அருகே பள்ளக்காடு குப்பைமேட்டிலும் இப்படித்தான், எட்டு ஆண்டுகளில் இருபது யானைகள் வரை செத்தன. உப்பும் எண்ணெயும் ஒட்டிய காகிதத்தையும் பையையும் யானை பிரித்துத் தின்னாது, சேர்த்தே விழுங்கும். பன்றிக்கென்று தீனிக்குள் வெடிமருந்து வைக்கும் அவுட்டுக்காயும் ஆளைப் பார்த்து வெடிப்பதில்லை. வாய் கிழிந்த யானை தீனி எடுக்க முடியாமல் நாள்கணக்கில் நின்று சாகும். மின்கம்பத்திலிருந்து நேரே கம்பி இழுத்து வேலியில் விடுகிறவர்களுக்கும் ஒன்று: ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகும் உங்கள் வீட்டு ஆளே அதில் மாட்டலாம். பன்றியால் பயிர் அழிந்தால் வனத்துறையிடம் எழுதிக் கொடுங்கள்; காப்புக்காட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை வைத்து, பிடிப்பதா சுடுவதா என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரக்கத்தால் செய்யும் தவறும் உண்டு. கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சோற்றை "வாயில்லா ஜீவன் தின்னட்டும்" என்று குப்பைமேட்டில் கொட்டுகிறார்கள். மனசு நல்லதுதான், ஆனால் அந்த வழியாகத்தான் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகின்றன. நாய் துரத்தினால் சைக்கிளை விட்டு இறங்கி, அதை நடுவில் வைத்துக்கொண்டு, ஓடாமல், கண்ணுக்குக் கண் பார்க்காமல் நிற்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கடைசியாக, "நாய்த்தொல்லை அதிகம், நடவடிக்கை எடுக்கவும்" என்று ஒற்றை வரியில் மனு எழுதுவது. அது கோப்பில் தூங்கும். கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே மூன்று விஷயத்தைப் பிரித்துத் தீர்மானமாகக் கேளுங்கள். கறிக்கடைக் கழிவை எந்தக் கடை எங்கே கொடுக்கிறது என்ற பதிவு. அதைச் சுண்ணாம்பு தூவி, நாய் தோண்டாத அளவு மண் மூடிப் புதைக்க, கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி ஒரு குழி. கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் தேதி. கூடவே நாய்களை எண்ணி எழுதிக் கொடுங்கள். காலை ஆறு மணிக்குள் போனால் எல்லாம் ஒரே இடத்தில் படுத்திருக்கும், காதைப் பார்த்து எண்ணிவிடலாம்.